மகன் பெயரில் ஆறு ஏக்கர்

(சட்ட மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1934-ம் ஆண்டு. கலிஃபோர்னியாவின் தென்கோடியில் சான் டியகோ கவுண்டி. மெக்சிகோ எல்லைக்கு அதிக தூரமில்லை. அங்கே ஆறு ஏக்கர் விவசாய நிலம் விலைக்கு வந்தது. கஜிரோ ஒயாமா என்ற விவசாயி 4,000 டாலர் கொடுத்து அதை வாங்கினார். பணம் அவருடையது. பத்திரத்தில் எழுதியிருந்த பெயரோ ஃபிரெட் ஒயாமா. ஃபிரெட் அவருடைய மகன். வயது ஆறு.

இதைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேர் மனத்தில் ‘பினாமி’ என்று ஓடியிருக்கும். முன்வரிசையில் இருவர் சிரித்ததையும் பார்த்தேன். அந்தச் சந்தேகத்தைக் கையிலேயே வைத்திருங்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் போய் நின்றதும் அதே சந்தேகம்தான்.

கஜிரோ ஏன் தன் பெயரில் வாங்கவில்லை? சட்டம் விடவில்லை. அவர் ஜப்பானில் பிறந்தவர். எத்தனை வருஷம் உழைத்தாலும் எவ்வளவு வரி கட்டினாலும் அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைக்காது. மகன் அமெரிக்க மண்ணில் பிறந்தவன். பிறந்த அன்றே குடிமகன். இந்த விசித்திரமான ஏற்பாடு எப்படி வந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சட்டம் எழுதுகிறவர்களின் கைவரிசை அதில் தெரியும்.

1790-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், அடிமையல்லாத வெள்ளையர் மட்டுமே மனுப்போட்டுக் குடியுரிமை பெறலாம் என்றது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870-ல், ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆசியர்களைச் சேர்க்கவில்லை. இன்னொரு பக்கம், அரசமைப்புச் சட்டத்தின் 14-வது திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் குடிமக்கள் என்றது. சீனப் பெற்றோருக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க்கின் வழக்கில் 1898-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆக, ஒரே கூரையின் கீழ் அப்பா சாகும்வரை அந்நியர். பிள்ளை பிறவிக் குடிமகன்.

இந்த இடைவெளியில்தான் கலிஃபோர்னியா சட்டமன்றம் 1913-ல் தன் நிலச் சட்டத்தைச் செருகியது. குடியுரிமை பெறத் தகுதியுள்ள அந்நியர்கள் தாராளமாக நிலம் வாங்கலாம். மற்ற அந்நியர்கள், அவர்களுடைய நாட்டோடு அமெரிக்கா செய்துகொண்ட ஒப்பந்தம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவுதான். விவசாய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் மூன்று வருஷத்துக்கு மேல் கூடாது. மீறினால் நிலம் மாநில அரசுக்குப் போய்ச் சேரும். 1911-ல் ஜப்பானோடு செய்த ஒப்பந்தத்தில் வீடு, கடை பற்றிய உரிமைகள் இருந்தன. விவசாய நிலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதினார்கள்.

அந்தச் சட்டத்தில் ‘ஜப்பானியர்’ என்று எங்கும் இல்லை. நிறம் இல்லை, இனம் இல்லை, நாட்டின் பெயர் இல்லை. யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்பதை வாஷிங்டன் முன்பே முடிவு செய்துவிட்டது, நாங்கள் அதைப் பின்பற்றுகிறோம் என்று மாநிலம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஜப்பான் அரசுக்கு இது புரியாமலா போகும்? கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தது. பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகாத அதிபர் வில்சன், தன் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை சாக்ரமென்டோவுக்கே அனுப்பினார். ஆளுநர் ஹைரம் ஜான்சன் விருந்தாளி சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மே மாதம் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் யுலிசிஸ் வெப். அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ காமன்வெல்த் கிளப்பில் பேசும்போது அவர் ஒளிவுமறைவு வைத்துக்கொள்ளவில்லை. இந்தச் சட்டத்துக்கு அடிப்படை அந்த இனம் வேண்டாத இனம் என்பதுதான், நிலம் கிடைக்காவிட்டால் பெருங்கூட்டமாக வரமாட்டார்கள், வந்தாலும் நெடுநாள் தங்கமாட்டார்கள் என்றார். ஏட்டில் எழுதாததை மேடையில் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு நீதிபதி அந்தப் பேச்சை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். அதற்குப் பிறகு வருகிறேன்.

சட்டம் வந்த இரண்டாம் ஆண்டிலேயே ஒரு குடும்பம் அதோடு மோதியது. ரிவர்சைட் நகரம். ஜூகிச்சி ஹராடா அங்கே வாஷிங்டன் ரெஸ்டாரண்ட் என்று ஒரு உணவகம் நடத்தினார். மனைவி பெயர் கென். நெருக்கடியான விடுதி அறைகளில் குடித்தனம். அங்கே தொண்டை அடைப்பான் நோயில் ஒரு சிறு மகன் இறந்துபோனான். இனி இந்த இடம் வேண்டாம், பிள்ளைகளுக்குக் காற்றோட்டமான வீடு வேண்டும் என்று ஹராடா தேட ஆரம்பித்தார். 1915 டிசம்பரில் லெமன் தெருவில் ஒரு சிறிய வீட்டை, அமெரிக்காவில் பிறந்த தன் மூன்று பிள்ளைகள் மினே, சுமி, யோஷிசோ பெயர்களில் கிரயம் முடித்தார். ஜப்பானில் பிறந்த மூத்த மகனின் பெயர் பத்திரத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. உடன்பிறந்தவர்களையே சட்டம் இரண்டாகப் பிரித்துவிட்டது.

தெருக்காரர்கள் குழு அமைத்தார்கள். கொடுத்த விலைக்கு மேல் தருகிறோம், விற்றுவிட்டுப் போய்விடு என்றார்கள். ஹராடா மறுத்தார். 1916-ல் மாநில அரசு வழக்குப் போட்டது. 1918 செப்டம்பரில் கவுண்டி நீதிபதி ஹியூ கிரெய்க் தீர்ப்புச் சொன்னார்: பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள், அவர்கள் சொத்து வைத்திருப்பதைத் தடுக்க முடியாது. நிலச் சட்டம் செல்லும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னார். வீடு பிழைத்தது, சட்டமும் பிழைத்தது. அடுத்த முப்பது வருஷக் கதை முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம்.

ஹராடா குடும்பத்துக்குப் பிற்பாடு என்ன ஆனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1942-ல், போரின்போது, மேற்குக் கரை ஜப்பானியர்களை எல்லாம் முகாம்களுக்கு ஓட்டியபோது அவர்களும் போனார்கள். யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் 1943-ல் கென் இறந்தார், 1944-ல் ஜூகிச்சி. வழக்குப் போட்டுக் காப்பாற்றிய வீட்டில் சாக அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. போர் முடிந்ததும் மகள் சுமி மட்டும் திரும்பி வந்தார். ஒரு குடும்ப நண்பர் வீட்டைப் பூட்டிப் பாதுகாத்து வைத்திருந்தார். முகாமிலிருந்து போக்கிடமில்லாமல் வந்தவர்களுக்கு சுமி அறைகளை வாடகைக்கு விட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே வாழ்ந்தார். இன்று அது தேசிய வரலாற்றுச் சின்னம்.

பிள்ளைகள் பெயரில் வாங்குவது இப்படிப் பரவியதும், ஓட்டையை அடைக்க வேண்டும் என்ற கூச்சல் கிளம்பியது. 1920-ல் ஜப்பானியர் சொந்தமாகவும் குத்தகையாகவும் வைத்திருந்தது சுமார் நாலரை லட்சம் ஏக்கர். கேட்பதற்குப் பெரிய எண். மாநிலத்தின் விவசாய நிலத்தில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி குத்தகைதான். ஆனால் அந்தக் கொஞ்ச நிலத்தில் ஸ்ட்ராபெர்ரி, செலரி, தக்காளி என்று கைவேலை அதிகம் கேட்கும் பயிர்களை முதுகொடிய விளைவித்தார்கள். குடும்பமே வயலில் இறங்கியது. சோம்பேறி என்று ஒரு இனத்தைத் திட்டுவார்கள், கேள்விப்பட்டிருப்போம். இங்கே புகார் நேர்மாறு: இவர்கள் அதிகமாக உழைக்கிறார்கள், பெண்களும் வயலுக்குப் போகிறார்கள், நம்மால் போட்டி போட முடியாது.

1920 நவம்பரில் மக்கள் நேரடியாக வாக்களித்து, ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில், கடுமையான புதுச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். மூன்று வருஷக் குத்தகையும் போயிற்று. கம்பெனி வைத்து அதன் பெயரில் நிலம் வாங்கும் வழியும் போயிற்று. பிள்ளையின் நிலத்துக்குத் தகப்பன் காப்பாளராக இருக்கக் கூடாது என்றார்கள். இத்தனையும்விட நச்சானது ஓர் அனுமானம்: தகுதியற்ற அந்நியர் பணம் கொடுத்து, நிலம் இன்னொருவர் பெயருக்குப் போனால், அது சட்டத்தை ஏய்க்கவே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உன் பாடு.

குடும்பங்கள் இதையும் எதிர்த்து நீதிமன்றம் ஏறின. ஹயாவோ யானோ என்ற விவசாயி பதினான்கு ஏக்கரைத் தன் கைக்குழந்தை மகளுக்கு வாங்கியிருந்தார். நானே அவளுக்குக் காப்பாளர், என்னை விலக்க நீ யார் என்று கேட்டார். 1922-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. காப்பாளர் தடை விழுந்தது. ஆனால் ஆண்டுதோறும் கணக்கு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்று ஒரு கொக்கி இருந்தது. பின்னால் ஒயாமா வழக்கில் இந்தக் கொக்கி காலைப் பிடிக்கும்.

வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளின் கதி வேறு. 1923 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் நான்கு தீர்ப்புகள். டெரஸ் எதிர் தாம்சன் என்பது முதலாவது. தன் நிலத்தை ஒரு ஜப்பானிய விவசாயிக்குக் குத்தகைக்கு விட விரும்பிய வெள்ளையர் குடும்பம் தொடுத்தது. நான்கிலும் தோல்வி. யார் கையில் நிலம் இருக்கிறதோ அவர் கையில் நாட்டின் பாதுகாப்பே இருக்கிறது, குடிமகனாக முடியாதவருக்கு நாட்டின் நலனில் அக்கறை இருக்காது என்ற ரீதியில் போனது வாதம். குடிமகனாக விடமாட்டோம், குடிமகன் இல்லாததால் உன்னை நம்பமாட்டோம். இதை எந்தத் தர்க்க வகுப்பிலும் தேர்ச்சி பெற விடமாட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் தேறிவிட்டது.

நம் ஊர்க்காரர்கள் இதில் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். தமிழர்கள் அல்ல, பஞ்சாபிகள். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தியும் தர்ப்பூசணியும் விளைவித்தவர்கள். அந்தக் காலத்து அமெரிக்க ஆவணங்களில் சீக்கியரானாலும் முஸ்லிமானாலும் இந்தியர் எல்லாரும் ‘ஹிந்து’தான். 1922 நவம்பரில் தகாவோ ஒசாவா வழக்கில், வெள்ளையர் என்றால் காகேசிய இனம், ஜப்பானியர் அதில் சேரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று மாதம் கழித்து பகத் சிங் திந்த் போய் நின்றார். உங்கள் இன அறிவியல்படியே நான் காகேசியன் என்றார். அதே நீதிபதி சதர்லாந்து, அறிவியலை விடு, சாதாரண மனிதன் உன்னைப் பார்த்து வெள்ளையன் என்பானா என்று கேட்டு வழக்கைத் தள்ளினார். அன்றிலிருந்து இந்தியர்களும் தகுதியற்ற அந்நியர். நிலச் சட்டம் அவர்கள் தலையிலும் இறங்கியது. முன்பே கிடைத்திருந்த குடியுரிமைகளையும் பறித்தார்கள். பெஷாவரிலிருந்து மனைவி மக்களோடு வந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1921-ல் குடியுரிமை பெற்றவர். அதை இழந்து, சொத்தையும் விற்க நேர்ந்து, 1928-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் மரணத்துக்கான காரணத்தை ஒரு செய்தித்தாளுக்குக் கடிதமாக எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இம்பீரியல் பள்ளத்தாக்குப் பஞ்சாபிகள் பலர் மெக்சிகப் பெண்களை மணந்திருந்தார்கள். அவர்களும் கடைசியில் பிள்ளைகள் பெயரில்தான் நிலத்தை எழுதி வைத்தார்கள். ஒசாகாவிலிருந்து வந்தவரும் ஜலந்தரிலிருந்து வந்தவரும் கலந்து பேசியா இந்த முடிவுக்கு வந்தார்கள்? திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

இப்போது ஒயாமாவிடம் திரும்புவோம். கஜிரோ இருட்டில் எதையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் வாங்கிய ஆறு மாதத்தில் சான் டியகோ கவுண்டி நீதிமன்றத்தில் மனுப்போட்டார்: என் மகனுக்கு ஆறு ஏக்கர் இருக்கிறது, என்னைக் காப்பாளராக நியமியுங்கள். நீதிமன்றம் விசாரித்து, இவர் தகுதியான ஆள் என்று நியமித்தது. 1936-லும் 1937-லும் அடுத்த வெள்ளாமைச் செலவுக்கு அந்த நிலத்தை அடமானம் வைத்து 4,000 டாலர் கடன் வாங்க அனுமதி கேட்டார். செய்தித்தாளில் விளம்பரம் வந்தது, விசாரணை நடந்தது, மகனின் சொத்துக்கு இது நன்மை என்று நீதிமன்றம் அனுமதித்தது. 1937-ல் பக்கத்திலிருந்த இரண்டு ஏக்கரையும் 1,500 டாலருக்கு மகனுக்கு வாங்கினார். அதுவும் இன்னொரு சிறுவனின் சொத்து; அந்த விற்பனையையும் நீதிமன்றமே உறுதி செய்தது. ஒவ்வொரு படியிலும் நீதிபதியின் முத்திரை இருந்தது. விட்டது ஒன்றே ஒன்று: ஆண்டறிக்கை தாக்கல் செய்யவில்லை.

1942-ல் முகாம் உத்தரவு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குடிமக்கள், கைக்கு அகப்பட்ட மூட்டையோடு போனார்கள். ஒயாமா குடும்பமும் கிளம்பியது. 1944-ல் ஃபிரெட்டுக்குப் பதினாறு வயது. சொந்த ஊருக்குத் திரும்பக் கூடாது என்ற தடை இன்னும் இருந்தது. அந்த நேரம் பார்த்து மாநில அரசு மனுப்போட்டது: எட்டு ஏக்கரும் சட்டத்தை ஏய்த்து வாங்கியது, அரசுக்குச் சேர வேண்டும்.

உச்ச நீதிமன்ற நீதிபதி மர்ஃபி பின்னால் எழுதிய தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. இந்தச் சட்டத்தின் கீழ் அதுவரை போட்ட நிலப்பறிப்பு வழக்குகள் 79. அதில் நான்கு இந்தியர் மீது, இரண்டு சீனர் மீது, மீதி 73 ஜப்பானியர் மீது. அந்த 73-ல் 59 வழக்குகள் பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு தொடுத்தவை. முப்பது ஆண்டு அரைத் தூக்கத்தில் கிடந்த சட்டம், நிலத்துக்காரர்கள் முள்வேலிக்குள் போனதும் சுறுசுறுப்பாகிவிட்டது.

விசாரணையில் அரசு கூப்பிட்ட ஒரே சாட்சி, போரின்போது நிலத்தைப் பார்த்துக்கொள்ளும்படி ஒயாமா விட்டுவிட்டுப் போன மனிதர். அவர் அரசுக்கு அவ்வளவாக உதவவில்லை. ரசீதுகளில் ஃபிரெட்டின் பெயர் இருந்தது. என்றைக்காவது ஒருநாள் பையனுக்கு இது நல்ல சொத்தாக இருக்கும் என்று தகப்பன் தன்னிடம் சொன்னதாகவும் அவரே சொன்னார். ஆனாலும் கவுண்டி நீதிமன்றம் நிலத்தை அரசுக்குக் கொடுத்தது. முன்பு கடனுக்கு அனுமதி கொடுத்த அதே சான் டியகோ நீதிமன்றம்தான். அனுமானம் இருக்கிறதல்லவா? அதோடு, அறிக்கை தாக்கல் செய்யவில்லை என்ற குறையையும் சேர்த்துக்கொண்டார்கள். 1946-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

இந்த இடத்தில், நான் கையில் வைத்திருக்கச் சொன்ன பினாமிச் சந்தேகத்தை எடுங்கள். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில், தகப்பன் பணம் கொடுத்து மகன் பெயரில் சொத்து வாங்கினால், அது மகனுக்குக் கொடுத்த பரிசு என்பதே தொடக்க அனுமானம். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தியாவுக்கு இந்த விதி பொருந்தாது என்று 1854-ல் கோபீகிருஷ்ட கோசாய்ன் வழக்கில் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. இங்கே கூட்டுக்குடும்பம், யார் பெயரில் வேண்டுமானாலும் வாங்கும் வழக்கம் உண்டு, ஆகவே பணம் யாருடையதோ சொத்தும் அவருடையது என்றே தொடங்க வேண்டும் என்றது. அதனால்தான் உங்களுக்கு அந்தச் சொல் உடனே ஓடியது. நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். சரியோ தவறோ, நம் விதி எல்லாருடைய மகனுக்கும் பொது. கலிஃபோர்னியாவில் ஜெர்மானியத் தகப்பன் மகனுக்கு வாங்கினால் பரிசு. இத்தாலியத் தகப்பன் வாங்கினால் பரிசு. ஜப்பானியத் தகப்பன் வாங்கினால் மோசடி. மூன்று பிள்ளைகளும் அமெரிக்கக் குடிமக்கள்.

1947 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. ஒயாமா தரப்பில் ஏ. எல். விரின், கூடவே டீன் ஆச்சிசன். சில மாதங்கள் முன்புவரை வெளியுறவுத் துறையில் துணைச் செயலர். 1949 ஜனவரியில் வெளியுறவு அமைச்சராகப் போகிறவர். அப்பேர்ப்பட்டவர் எட்டு ஏக்கர் காய்கறி நிலத்துக்காக வந்து நின்றார்.

1948 ஜனவரி 19-ல் தீர்ப்பு. ஆறுக்கு மூன்று. தலைமை நீதிபதி வின்சன் எழுதினார். அவர் தகப்பனின் உரிமையைத் தொடவே இல்லை. நிலச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைச் சுற்றிக்கொண்டு போனார். மகனை மட்டும் பார்த்தார். ஃபிரெட் ஒரு குடிமகன். பிற பிள்ளைகளுக்குப் பரிசாக எடுத்துக்கொள்வதை இவனுக்கு மட்டும் ஏமாற்றாக எடுத்துக்கொள்கிறீர்கள். காப்பாளர் அறிக்கை தாக்கல் செய்யாவிட்டால் பிற பிள்ளைகளின் காப்பாளரை நீக்குவீர்கள். இவனுக்கோ சொத்தையே பறிக்கிறீர்கள். இது சமமான சட்டப் பாதுகாப்பா? அவ்வளவுதான் தீர்ப்பு.

பிளாக், டக்ளஸ், மர்ஃபி, ரட்லெஜ் ஆகிய நால்வரும் சட்டத்தையே தூக்கி எறியத் தயாராக இருந்தார்கள். இன்னும் ஒரு கை தேவைப்பட்டது; கிடைக்கவில்லை. மர்ஃபி தனியாக எழுதிய தீர்ப்பில்தான் 1913-ன் வெப் பேச்சு மறுபடி வந்தது. ஏட்டில் நடுநிலைச் சொற்களை வைத்துக்கொண்டு இனவெறியை நடத்தினீர்கள் என்று சட்டத்தின் ஜாதகத்தையே விரித்து வைத்தார். படிக்க வேண்டிய எழுத்து.

ஆனால் மாணவர்களே, எதிர்த் தீர்ப்பு எழுதிய ஜாக்சனையும் படியுங்கள். தகப்பன் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று தடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டென்றால், அதை ஏய்ப்பதைத் தடுக்க மட்டும் எப்படி அதிகாரம் இல்லாமல் போகும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. தர்க்கத்தில் ஜாக்சன் சொல்வது சரி என்றே நான் நினைக்கிறேன். வேரை வெட்டாமல் கிளையை மட்டும் வெட்டுவதில் ஒரு கோழைத்தனம் உண்டு. அந்தக் கோழைத்தனம் வேலை செய்தது என்பதுதான் வேடிக்கை. கலிஃபோர்னியாவில் ஜப்பானியரின் சொந்த நிலம் பெரும்பாலும் பிள்ளைகள் பெயரில்தான் இருந்தது. அந்த அனுமானம் போனதும் அரசின் கையில் எதுவும் மிச்சமில்லை. நிலுவையிலிருந்த வழக்குகளைக் கைவிட்டார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது, வயலில் இல்லை.

பிள்ளை இல்லாத தகப்பனுக்கு, தன் பெயரிலேயே வீடு வேண்டும் என்று நினைத்த தாய்க்கு, இந்தத் தீர்ப்பால் பயன் இல்லை. அதற்கு இன்னும் இரண்டு வழக்குகள் தேவைப்பட்டன. ஒன்று ஹாருயே மசாவோகா என்ற விதவைத் தாயுடையது. ஐந்து மகன்கள் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்கள். ஒருவர் பிரான்சில் போர்க்களத்தில் இறந்தவர். அம்மாவுக்கு பசடீனாவில் ஒரு வீடு கட்டித் தர மகன்கள் விரும்பினார்கள். சட்டம் குறுக்கே நின்றது. ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் சங்கம் இந்த வழக்கை ஏன் தேர்ந்தெடுத்தது என்று விளக்க வேண்டியதில்லை. எந்த நீதிபதிதான் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து மறுப்பார்?

எனக்கு என்னவோ மற்ற வழக்குதான் பிடிக்கும். சேய் ஃபூஜி. ஜப்பானில் பிறந்து 1903-ல் வந்தவர். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1911-ல் சட்டப் பட்டம் வாங்கினார். குடியுரிமை இல்லாததால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியவில்லை. உடன்படித்த வெள்ளையர் மரியன் ரைட் நீதிமன்றத்தில் நிற்பார். ஃபூஜி பின்னாலிருந்து வழக்குகளைக் கட்டுவார். லாஸ் ஏஞ்சலஸில் ஜப்பானிய மருத்துவமனை அமைக்கும் உரிமையை இப்படித்தான் 1928-ல் உச்ச நீதிமன்றம்வரை போய் வாங்கினார்கள். பிறகு ஃபூஜி சொந்தமாக ஒரு செய்தித்தாள் நடத்தினார். 1948-ல், அறுபத்தைந்து வயதுக்கு மேல், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு காலி மனையைத் தன் சொந்தப் பெயரில் வாங்கினார். வீடு கட்ட அல்ல, விவசாயம் செய்ய அல்ல. மாநிலத்தை வம்புக்கு இழுக்க. வாங்கிவிட்டு அவரே வழக்கும் போட்டார். இறந்த மகனும் இல்லை, ஆறு வயதுச் சிறுவனும் இல்லை, இரக்கப்பட ஒன்றுமே இல்லாத ஒரு கிழவர். எனக்கு உரிமை உண்டா இல்லையா, சொல்.

1950-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐ.நா. சாசனத்தைக் காட்டி நிலச் சட்டம் செல்லாது என்றது. நாடே அதிர்ந்தது. 1952 ஏப்ரல் 17-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஐ.நா. சாசனம் நேரடியாகச் செல்லுபடியாகாது, ஆனால் 14-வது திருத்தமே போதும் என்று நான்குக்கு மூன்றில் சட்டத்தை வீழ்த்தியது. ஜூலையில் மசாவோகா வழக்கிலும் அதே முடிவு. இடையில் ஜூன் மாதம், அதிபர் ட்ரூமனின் மறுப்பையும் மீறி நிறைவேறிய மத்தியச் சட்டம், குடியுரிமைக்கு இருந்த இனத் தடையை நீக்கியது. ஃபூஜி 1954-ல் குடிமகனானார். இரண்டே மாதத்துக்குள் இறந்தார். 2017-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவரை வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டது.

1956-ல் கலிஃபோர்னிய மக்கள் வாக்களித்து, செத்துப்போன அந்தச் சட்டத்தை ஏட்டிலிருந்தும் நீக்கினார்கள். அதேபோன்ற சட்டம் வாஷிங்டன் மாநிலத்தில் நீங்க 1966 ஆயிற்று. ஃபுளோரிடா தன் அரசமைப்பிலிருந்த அதேபோன்ற வாசகத்தை எடுக்க 2008-ல் நடந்த வாக்கெடுப்பு தோற்றது, 2018-ல்தான் எடுத்தார்கள்.

நீக்கப்படாதது ஒன்று உண்டு. 1923-ன் டெரஸ் தீர்ப்பு. வின்சன் அன்று சுற்றிக்கொண்டு போனாரல்லவா? அதனால் அது உச்ச நீதிமன்றத்தின் கையால் ரத்தாகவே இல்லை. 2023-ல் அதே ஃபுளோரிடா ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. சீனாவை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டு, அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர் அங்கே சொத்து வாங்கக் கூடாது. விசா உள்ளவருக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு: இரண்டு ஏக்கருக்கு மிகாமல் ஒரு வீடு, அதுவும் ராணுவத் தளத்திலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால். இதிலும் இனத்தின் பெயர் இல்லை. வசிப்பிடம் என்று இருக்கிறது. அங்கே குடியிருக்கும் சீனர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். அந்த ஆகஸ்டில் மத்திய மாவட்ட நீதிமன்றம் சட்டத்துக்குத் தடை விதிக்க மறுத்தபோது, அது எடுத்துக்கொண்ட முன்னுதாரணங்களில் டெரஸ் எதிர் தாம்சன் இருந்தது. அடுத்த பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு மனுதாரர்களுக்கு மட்டும் இடைக்கால நிவாரணம் கொடுத்தது.

அந்தச் சட்டப்படி ஃபுளோரிடாவில் சொத்து வாங்கும் ஒவ்வொருவரும், நான் தடை செய்யப்பட்டவன் அல்ல என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பொய்யென்றால் தண்டனை. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஜாக்சன் பக்கம் வாதிட யாராவது எழுந்தால் இன்னும் நல்லது.